ஈரத் தெருவும் கால்வாயும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியம் என்றாலே வெயிலும் பளிச்சென்ற வண்ணமும்தானே? ஆம்ஸ்டர்டாமை வரைந்த டச்சு ஓவியர் பிரைட்னரின் படங்கள் ஏன் சாம்பலும் பழுப்புமாக இருக்கின்றன?

பதில்: அவர் தேடிப் போனதே அந்த மங்கல் வெளிச்சத்தைத்தான். ஜார்ஜ் ஹென்ட்ரிக் பிரைட்னர் (1857–1923) 1886-இல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிவந்தார். தூறல், சேறாகிக் கரையும் பனி, டிராம் குதிரையின் நனைந்த முதுகு, கால்வாயில் உறைந்து நிற்கும் சரக்குப் படகு. இவற்றுக்கு மஞ்சள் வெயில் எதற்கு? மழை மூட்டமான நாளை நெதர்லாந்தில் 'பிரைட்னர் வானிலை' என்றே சொல்வதுண்டு.

கேள்வி: சிங்கல் கால்வாய்ப் பாலத்தை வரைந்த படத்தில், எதிரே வரும் பெண் சட்டத்தின் கீழ்விளிம்பில் வெட்டுப்பட்டிருக்கிறாளே?

பதில்: அது கேமரா தந்த பார்வை. அவர் தெருவில் படம் பிடித்து, அதை ஓவியத்துக்குக் குறிப்பாக வைத்துக்கொண்டவர். 1898-இல் முடிந்த இந்த ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. முதலில் அங்கே நடந்து வந்தது ஒரு வேலைக்காரப் பெண். விமர்சனம் எழுந்ததும், முகத்திரை அணிந்த சீமாட்டியாக மாற்றிவிட்டார். அந்த முதல் பெண்ணை அவர் விட்டுக்கொடுத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நனைந்த தெருவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தால் எல்லாம் கலங்கிப் போகிறது. எங்கே தவறு?

பதில்: எண்ணெய் கூடிவிட்டது, அல்லது பிரஷைத் துடைக்காமல் அடுத்த வண்ணத்துக்குப் போகிறீர்கள். ஒவ்வொரு தீற்றலுக்கும் பிறகு துணியில் துடையுங்கள்.

முதலில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து, கேன்வாஸ் முழுக்க மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள். சாம்பலுக்குக் கறுப்பு வேண்டாம், வண்ணம் செத்துப்போகும். பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைன் நீலமும் சம பங்கு, பிறகு வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். வானத்துக்குக் கலந்ததிலேயே கொஞ்சம் எடுத்துத் தெருவுக்கும் வையுங்கள். ஈரத் தரை காட்டுவது வானத்தைத்தானே!

பிரதிபலிப்பை ஒரு அங்குலத் தட்டைப் பிரஷால் நேர்க்கீழாக ஒரே இழுப்பில் இழுங்கள். பிறகு காய்ந்த பிரஷால் குறுக்கே லேசாக ஒரு தடவல், அவ்வளவுதான். பொருளைவிட அதன் பிரதிபலிப்பு, இருட்டானது என்றால் சற்று வெளுப்பாகவும், வெளிச்சமானது என்றால் சற்று மங்கலாகவும் இருக்கும். விளக்குக்கு வைத்த அதே மஞ்சளைத் தரையிலும் வைத்தால், தெரு கண்ணாடி போலாகிவிடும்.

கால்வாய் நீரில் அலை இருந்தால் பிரதிபலிப்பைக் குறுக்குக் கோடுகளாக உடையுங்கள். கோடுகள் நமக்குக் கிட்டே அகலமாகவும் இடைவெளிவிட்டும், தூரத்தில் மெலிந்து நெருங்கியும் வரட்டும். விளக்கொளிப் புள்ளிகளைக் கடைசியில், எண்ணெய் சேர்க்காத கெட்டி வண்ணத்தால் ஒரே தொடுதலில் வையுங்கள். சரியில்லை என்றால் அதன்மேல் திரும்பப் பூசாதீர்கள். கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.