மழையே இல்லை, கூரை மட்டும் ஒழுகுகிறது

கேள்வி: நீலகிரியில் குந்தா பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். காலமான மாமனாரின் இடத்தில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. கைக்குழந்தையோடு ஆறு பேர். வாடகைக்கும் வேறு வீடு கிடைக்கவில்லை. உறைபனி விழும் நாட்களில் விடியற்காலையில் கூரை சொட்டிக் கம்பளி நனைகிறது. மேலே பூச்சு அடிக்க 18,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொருவர் 25,000 கொடுத்தால் அரசு வீட்டுப் பட்டியலில் பெயர் சேர்ப்பதாகச் சொல்கிறார். இப்போதைக்கு இரவில் கரி அடுப்பு மூட்டிக்கொள்கிறோம். என்ன செய்வது?

பதில்: கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கரி அடுப்பிலிருந்து தொடங்குகிறேன். படுக்கப் போகும்முன் அதை வெளியே வைத்துவிடுங்கள். நீறு பூத்த கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணரும்போது எழுந்து கதவைத் திறக்கத் தெம்பிருக்காது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. கைக்குழந்தை இருக்கும் அறையில் இது வேண்டவே வேண்டாம்.

சரி, கூரைக்கு வருவோம். உங்கள் கூரை ஒழுகவில்லை அம்மா. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, வெளிக்காற்றை விடவும் குளிர்ந்துபோகும். அதனால் மேல்பக்கம் உறைபனி படிகிறது. கீழ்ப்பக்கம் ஆறு பேரின் மூச்சு, வெந்நீரின் ஆவி, கொடியில் காயும் துணியின் ஈரம் எல்லாம் போய் ஒட்டித் துளியாகிச் சொட்டுகிறது. ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். ஆணி அடித்த இடத்தில் மட்டும் ஈரம் என்றால் ஓட்டை. தகரத்தின் நெளிவு முழுக்க வரிசையாகத் துளி தொங்கினால் அது நீங்கள் விட்ட மூச்சு. எமரால்டு ஊர்ப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளைகளின் பள்ளிப் பையை வாளிக்குள் வைத்து மூடியிருந்தார்கள். கம்பளியில் தோள் படும் இடத்தில் குறுக்கே கோடு போட்டதுபோல் ஈரம். அந்தக் கூரைக்கு மேலே இரண்டு முறை பூச்சு அடித்தாகிவிட்டது! ஈரம் உள்ளே இருக்கும்போது வெளியே பூசி என்ன பயன்?

18,000 ரூபாயைப் பத்திரமாக வைத்திருங்கள். தகரத்துக்குக் கீழே நான்கு விரல் இடைவெளி விட்டு ரீப்பர் (மரச்சட்டம்) அடித்து, மூங்கில் தட்டியோ பிளைவுட்டோ பொருத்துங்கள். அதன்மேல் உலர்ந்த பழைய சாக்கு, கம்பளி பரப்பலாம். அறையைப் பார்த்த பக்கம் பிளாஸ்டிக் தாள் ஒட்டினால் மூச்சு ஈரம் மேலே ஏறாது. தகரத்துக்கும் தட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளி மட்டும் இரு முனையிலும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கட்டும். தெர்மோகோல் மலிவுதான், ஆனால் தீப்பிடிக்கும். தரையில் பலகை போட்டு அதன்மேல் பாய் விரியுங்கள். ஈரத்துணியை உள்ளே காயப்போடாதீர்கள்.

இனி அந்த 25,000 கேட்பவர். இவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் வெந்துபோயிருக்கிறது. 2024-ல் அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். வேலை நடக்க நடக்கப் பணம் தவணையாக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். இதில் தரகருக்கு என்ன வேலை? பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயரைத் தெரிந்துகொண்டு, 'நான்தான் போட்டேன்' என்று வந்து காசு கேட்பவர்களும் உண்டு. ஆதார் நகல், வங்கிப் புத்தகம், கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் எதையும் கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு இருக்கும் உண்மையான சிக்கல் பட்டா. சொந்த இடம் இருந்தால்தான் வீடு. உங்கள் இடம் மாமனார் பெயரிலேயே இருந்தால் முதலில் வாரிசுச் சான்று வாங்குங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தருபவர் வட்டாட்சியர். அதில் மாமியார், உங்கள் கணவர், கணவரின் அண்ணன் தம்பிகள், கட்டிக்கொடுத்த நாத்தனார் எல்லார் பெயரும் வர வேண்டும். 'நாத்தனார் பெயரை விட்டுவிடுங்கள், சீக்கிரம் முடியும்' என்பார்கள். விடாதீர்கள். வீடு பாதி எழும்பியபின் அவர் வழக்குப் போட்டால் வேலை அப்படியே நிற்கும். அவருக்குப் பங்கு வேண்டாம் என்றால் அதை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம்தான் பட்டா மாற்றம். எல்லாருமே பங்கைக் கேட்டால் கூட்டுப் பட்டா வரும். உங்கள் பங்கை உட்பிரிவு செய்து தனிப் பட்டாவாக்கிக் கேளுங்கள்.

பட்டா இருப்பவருக்கு வீடு என்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இருப்பவர் பட்டாவுக்கு எங்கே போவார்? மத்திய அரசின் வீட்டுத் திட்டம் சமவெளிக்கு 1.20 லட்சம், மலைக்கு 1.30 லட்சம் என்று வைத்திருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து மணலும் கம்பியும் மலையேறி வரும் வாடகைக்கே அந்தப் பத்தாயிரம் போதாது. குளிருக்கென்று தனியாக ஒரு வீட்டு வரைபடம் வேண்டாமா?

ஜனவரி 26 அன்று கிராம சபை கூடும். கைக்குழந்தை இருப்பதையும், ஒரே அறையில் ஆறு பேர் இருப்பதையும் எழுதி, அங்கே எழுந்து வாசித்துவிட்டு மனுவைக் கொடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். மனுவின் இன்னொரு நகலைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, எண் போட்ட ரசீதை வாங்காமல் வராதீர்கள்.