அம்மாவை ஏன் எதிர்வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்?

கேள்வி: குடியாத்தத்தில் எங்கள் அப்பா லுங்கி நெய்து சம்பாதித்து வாங்கிய வீடு இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் காலமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நான் ஓசூரில் வேலையில் இருக்கிறேன். தம்பிக்குத் தொழிலில் கடன். தங்கை ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு மட்டும் வருவாள். வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார், வயது 71. ஒன்றரை ஆண்டில் நான்கு பேர் வீட்டைப் பார்த்து, விலை பேசி முடித்து, பிறகு விலகிவிட்டார்கள். ஒருவர் வாஸ்து சரியில்லை என்றார். ஒருவர் வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்றார். ஆடி கழியட்டும் என்று போன மூன்றாமவர் திரும்பவே இல்லை. கடைசியாக வந்தவர் ரொக்கமாகக் கொடுத்த 50,000 ரூபாய் அட்வான்ஸைத் திரும்பக் கேட்கிறார். அம்மா எதையாவது பேசிவிடுவார் என்பதால், ஆள் வரும் நேரத்தில் மட்டும் அவரை எதிர்வீட்டில் உட்கார வைத்துவிடுகிறோம். ஆகவே அந்தத் தொந்தரவும் இல்லை. விலையைக் குறைப்பதா, பரிகாரம் செய்வதா? மனம் மிகவும் சோர்ந்துவிட்டது.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டு பக்கக் கடிதத்தில் கட்டடத்தின் வயது, தரகரின் குணம், தெருவின் அகலம் எல்லாவற்றையும் எழுதிய நீங்கள், அந்த வீட்டில் வாழும் ஒரே மனிதரைப் பற்றி எழுதியவை மிகச் சில சொற்களே. அந்தச் சில சொற்களில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. நான்கு முறையும் உங்கள் அம்மாவை எதிர்வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நான்கு முறையும் வியாபாரம் முறிந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

நம் ஊர்களில் வீடு வாங்குகிறவர் எப்படி வாங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியாததா? தரகரோடு வந்து அறைகளையும் கிணற்றையும் பார்த்துவிட்டுப் போகிறவர், இரண்டு நாள் கழித்து மனைவியையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு தரகர் இல்லாமல் வருவார். உங்கள் வீட்டுக் கதவைத் தட்டாமல், அக்கம்பக்கத்தில் யார் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களிடம், இந்த வீட்டில் யார் இருந்தார்கள், ஏன் விற்கிறார்கள் என்று விசாரிப்பார். விற்கிறவர் சொல்லாததைத் தெரு சொல்லும். விருந்தாளி வந்தால் வெளியே அனுப்பப்படும் ஒரு கிழவியை அந்தத் தெரு நான்கு முறை பார்த்திருக்கிறது. வாங்க வந்த குடும்பத்துப் பெண்கள் அந்தச் செய்தியோடுதான் வீடு திரும்பியிருப்பார்கள். ஒரு தாயின் வயிற்றெரிச்சல் படிந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடியேற நம்மில் யாரும் துணிய மாட்டார்கள். அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, வாஸ்து என்றும் ஆடி என்றும் சொல்லியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். வாலாஜாவிலிருந்தும் ஆம்பூரிலிருந்தும் இதே கடிதம் எனக்கு வந்திருக்கிறது. ஊரின் பெயர் மட்டும்தான் மாறும்.

வங்கிக் கடன் கிடைக்கவில்லை என்றவரின் காரணம் உண்மையாகவே இருக்கலாம். கடன் கொடுக்கும் வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரத்தைப் பார்த்தவுடன் அடுத்ததாகக் கேட்பது வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழை. உங்கள் அப்பா தாமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுச் சென்றிருப்பதால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது மனைவிக்கும் மக்களுக்கும் சம பங்காகச் சேரும். அப்பாவைப் பெற்ற தாய் அப்போது உயிரோடு இல்லை என்றால், அம்மாவுக்குக் கால் பங்கு, உங்கள் மூவருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. ஆரணியில் இருக்கும் தங்கையின் பங்கு திருமணத்தால் குறையாது. அவர் சம்மதித்தாரா என்பதைப் பற்றியும் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. கிரயப் பத்திரத்தில் நான்கு பேரும் கையெழுத்திட வேண்டும்; அல்லது பங்கு வேண்டாம் என்கிறவர் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். அப்படியிருக்க, சொத்தின் பங்குதாரர் ஒருவரையே எதிர்வீட்டில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

சட்டத்தை விட்டுவிடுகிறேன், ஏனென்றால் எனக்குக் கோபம் அதனால் இல்லை. அந்த வீடு அப்பா நெய்து வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள். நெசவாளர் வீட்டில் ஓர் ஆள் தனியாக நெய்ய முடியுமா? தறிக்குழியில் உங்கள் அப்பா கால் மிதித்தபோது, பக்கத்தில் ராட்டையை வைத்துக்கொண்டு தார் சுற்றிக் கொடுத்தது யார்? அந்தக் கைகளுக்குக் கூலி என்று யாரும் தனியாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். அந்தக் கூலிதான் வீடாக நிற்கிறது. அப்படிப்பட்டவர் "எதையாவது பேசிவிடுவார்" என்று அஞ்சுகிறீர்களே, அவர் என்ன பேசுவார் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டீர்களா? "நான் எங்கே போவேன்" என்பதைத்தான் பேசுவார். உங்கள் கடிதத்தில் எதிர்பார்க்கும் விலை இருக்கிறது, தம்பியின் கடன் தொகை இருக்கிறது, வீடு விற்ற மறுநாள் அம்மா எந்த வீட்டில் தூங்கி எழுவார் என்பது மட்டும் இல்லை. பெற்றவளின் இருப்பிடத்தை முடிவு செய்யாமல் அவள் குடியிருக்கும் வீட்டுக்கு விலை சொல்வது பிள்ளைகள் செய்யக்கூடிய காரியம் இல்லை. இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

தம்பியின் கடன் பொய் என்று நான் சொல்லவில்லை. கடன்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் தூக்கம் வராது என்பதை அறிவேன். ஆனாலும் அந்தக் கடனை அடைக்க வேண்டிய பங்கு தம்பியுடையது. அண்ணன் மனமிருந்தால் உங்களுடையதும் சேரலாம். அம்மாவின் கால் பங்கு அதற்குள் போகக் கூடாது. விற்க அவர் மனதார இசைந்தால், அவருடைய பணம் தனி வரைவோலையாக அவர் பெயரிலுள்ள கணக்குக்கே வர வேண்டும். 60 வயதைக் கடந்தவர்களுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி கைக்கு வரும். யார் வீட்டில் இருந்தாலும், மருந்துக்கும் பேரப்பிள்ளையின் கையில் வைத்துக் கொடுக்கவும் அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. இசையவில்லை என்றால், அவர் காலம் வரை வீடு அப்படியே இருக்கட்டும். முன்கட்டை வாடகைக்கு விட்டுத் தம்பிக்கு உதவ முடியுமா என்று பாருங்கள். பெற்றோர் பராமரிப்புக்கென்று 2007-இல் சட்டமே வந்திருக்கிறது. அந்த மனுவோடு உங்கள் அம்மா கோட்டாட்சியர் அலுவலகப் படியேறும் நிலையை நீங்கள் உண்டாக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, நான்கு பேரில் ஒருவர் மட்டும் பேசிய பேச்சு. அந்தப் பணத்தைப் பிடித்து வைப்பது நியாயமில்லை. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இனி ஒப்பந்தம் போட்டால் அதைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். விலையைக் குறைக்காதீர்கள். பரிகாரத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

தங்கை சிரசுத் திருவிழாவுக்கு வருவார் என்கிறீர்கள். அம்மன் சிரசு ஊர்வலம் முடிந்த மறுநாள், மூவரும் மருமக்கள் இல்லாமல் அம்மாவின் எதிரில் உட்காருங்கள். முதலில் அவர் பேசட்டும். அழுதாலும், அப்பாவின் பெயரைச் சொல்லித் திட்டினாலும் குறுக்கே பேசாதீர்கள். அதுவரை யாரையும் அழைத்து வர வேண்டாம் என்று தரகரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அதன் பிறகு வீடு பார்க்க ஒருவர் வந்தால், கதவைத் திறந்து உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுப்பது உங்கள் அம்மாவாக இருக்கட்டும்.