கிளினிக்குக்குப் போகணுமா, போனில் பேசினால் போதுமா?

கேள்வி: மகனுக்கு 9 வயது, 42 கிலோ, உயரம் 132 சென்டிமீட்டர். நிறை குறைக்கக் கண்டி கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். ஒரு தடவை போனால் எனக்குத் தோட்டத்தில் ஒரு நாள் பேர், அதாவது நாள் சம்பளம், போச்சு, அவனுக்குப் பள்ளிக்கூடம் போச்சு. இனி இடையில் வீடியோ கோலில் பேசலாம் என்கிறார் டொக்டர். சரிவருமா?
— ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: சரிவரும். முழுக்கப் போனிலேயே முடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீங்க.

நிறையை வீட்டில் பார்த்துச் சொல்லிவிடலாம், உயரம்தான் ஏமாற்றும். நீங்கள் தந்த கணக்குக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் எண், 24. கதவு நிலையில் பென்சில் கோடு போட்டு 3 சென்டிமீட்டர் குறைத்து அளந்தால், பையன் ஒரு கிராம்கூடக் கூடாமலே அது 25ஐத் தாண்டிவிடும். பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கும் (25ஐத் தொட்டால் அதிக நிறை, 30ஐத் தொட்டால் உடற்பருமன்) இவனுக்குப் பொருந்தாது. உலக சுகாதார அமைப்பின் அட்டவணையில் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்துத்தான் பார்ப்பார்கள், அதன்படி 9 வயதுப் பையனுக்கு 24 உடற்பருமன்தான்.

அப்புறம் பிரஷர் பார்க்கச் சின்னக் கைக்கு ஏற்ற பட்டி வேண்டும், இரத்தம் எடுக்கவேண்டி வரலாம். கழுத்து மடிப்பில் கறுத்திருந்தால் அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற அம்மாக்கள் உண்டு; உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம், காம்பரா பல்ப் வெளிச்சத்தில் போன் கமராவுக்கு அது தெரியாது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போங்க.

போனுக்கென்று ஒரு பலம் இருக்கிறது. கிளினிக்கில் "சீனி கொஞ்சமாத்தான் போடுறோம் டொக்டர்" என்பீர்கள், போனை அடுப்படிப் பக்கம் திருப்பினால் சாயத்தண்ணிக் கோப்பையின் அளவும் ரொட்டியின் தடிப்பும் தெரிந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2023இல், 3 முதல் 12 மாதத்துக்குள் 26 மணித்தியாலமாவது நேருக்கு நேர் ஆலோசனை வேண்டும் என்றது. பொகவந்தலாவையிலிருந்து பஸ் ஏறி 26 மணித்தியாலத்தை யார் சேர்ப்பது? அதனால்தான் இடையில் போனும் வேண்டும் என்கிறேன்.

எனக்குப் பெரிய கவலை வேறு. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்துக் காம்பராவில் ஸ்பீக்கரில் பேசினால் பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும், பாட்டியும் சித்தியும் குறுக்கே பேச, பையன் "ம்" மட்டும்தான் சொல்லுவான். கிளினிக்கில் உங்களை இரண்டு நிமிஷம் வெளியே இருக்கச் சொன்னால், பள்ளிக்கூடத்தில் யார் கேலி பண்ணுகிறான் என்பதுவரை வந்துவிடும். வீட்டில் இயர்போனைக் கொடுத்துவிட்டு நீங்கள் கொஞ்சம் வாசலுக்குப் போங்க.

நிறை பார்க்கும்போது மெஷினைப் பாயில் வைக்காமல் சீமெந்துத் தரையில் வையுங்க. கோயிலடியில் மட்டும்தான் சிக்னல் என்றால் வீடியோவே வேண்டாம், சாதாரணக் கோல் போதும். ரொட்டித் தட்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்க.