பெல்ட் போட்ட பிறகும் காரில் சீட்பெல்ட் விளக்கு அணையாதது ஏன்?

சீட்டில் ஆள் இருந்தும் பெல்ட் மாட்டவில்லை என்று சொல்வதுதான் இந்தச் சிவப்பு விளக்கு. இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் முன்சீட்டு இரண்டுக்கும் இது கட்டாயம்.

பெல்ட்டைச் செருகும் பக்கிளுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கதவை மூடினால் அமுங்கி உள்விளக்கை அணைக்கும் பொத்தான் மாதிரி. அது சரியாக வேலை செய்யாவிட்டால், பெல்ட் போடவில்லை என்றே கார் எடுத்துக்கொள்ளும். பல நேரம் காரணம் பிஸ்கட் தூள், மணல், சில்லறைக் காசு. டார்ச் அடித்துப் பார்த்து, வாக்குவம் வைத்து உறிஞ்சுங்கள். தயவுசெய்து தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி இன்னும் அப்பிக்கொள்ளும்.

அப்புறம் பெல்ட்டை மாட்டிப் பக்கிளை லேசாக ஆட்டுங்கள். விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோதான், மெக்கானிக்கிடம் விடுங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர் ஏர்பேக் சம்பந்தப்பட்டது, நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

பக்கத்து சீட்டில் ஆளே இல்லாமல் எரிகிறதா? அங்கே வைத்த பையை எடுங்கள். மெத்தைக்குள் இருக்கும் சென்சார் அந்த எடையை ஆள் என்று எண்ணிவிடும்.

பெல்ட்டுக்குப் பதிலாகப் பக்கிளில் செருகவென்று கடையில் விற்கும் கிளிப்பைப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எச்சரிக்கையை மட்டுமே அணைக்கும், 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே அதை விற்கக் கூடாது என்று ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு உத்தரவிட்டது.