டாய் என்று வாங்கினோம், 31 சென்டிமீட்டர் நிற்கிறது!

கேள்வி: டாய் பூடில் என்று சொல்லித்தான் நாய்க்குட்டியை விற்றார்கள், எம்.கே.ஏ. (மலேசிய கென்னல் சங்கம்) சர்டிபிகேட்டும் இருக்கிறது. 11 மாதம் ஆகிறது, உயரம் அளந்தால் 31 சென்டிமீட்டர். மகள் டாக் ஷோவில் இறக்க ஆசைப்படுகிறாள். ஏமாந்துவிட்டோமா? – வாசகி, செந்தூல்

பதில்: எப்படி அளந்தீர்கள் அம்மா? பூடிலின் முடி புசுபுசுவென்று இருக்கும், அதை நம்பி அளந்தால் இரண்டு சென்டிமீட்டர் சும்மாவே கூடிவிடும். வழவழப்பில்லாத சமதரையில், கதவு நிலையை ஒட்டி நிற்க வையுங்கள், கழுத்தும் முதுகும் சேரும் மேட்டில் முடியை நன்றாக அழுத்தி ஒரு ரூலரைப் படுக்கை வாட்டில் வைத்து, பிள்ளைகளுக்கு உயரம் குறிப்பது போல நிலையில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். தலை கணக்கில் வராது.

அப்போதும் 31 என்றால் அது மினியேச்சர்தான். எம்.கே.ஏ. சேர்ந்திருக்கும் எஃப்.சி.ஐ. என்ற உலக நாய்ச் சங்கக் கூட்டமைப்பின் கணக்கில் 24க்கு மேல் 28 வரை டாய், 28க்கு மேல் 35 வரை மினியேச்சர், 45 வரை மீடியம், அதற்கு மேல் ஸ்டாண்டர்ட். அமெரிக்காவில் மீடியம் என்ற பிரிவே இல்லை, டாய்க்கு 10 அங்குலம்தான் எல்லை, அதாவது 25 சென்டிமீட்டர் சொச்சம். 27 சென்டிமீட்டர் பூடில் இங்கே டாய், விமானம் ஏறி அங்கே இறங்கினால் மினியேச்சர்!

ஏமாற்றினார்கள் என்று உடனே சொல்லிவிட மாட்டேன். அப்பா அம்மா இரண்டும் டாயாக இருந்தாலும் தாத்தா பாட்டி வழியில் பெரிய அளவு இருந்தால் குட்டி வளர்ந்துவிடும், இரண்டு மாதக் குட்டியைப் பார்த்து யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் சர்டிபிகேட்டில் டாய் என்று போட்டிருந்தாலும் அந்த வகுப்பில் இறக்காதீர்கள், பெயர் கொடுக்கும் முன் எம்.கே.ஏ.வில் கேட்டுவிடுங்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது, டீ கோப்பை அளவுதான் என்று பொடி நாய்களை விற்கும் 'டீகப்' வியாபாரம். சின்னதாக இருந்தால் விலை கூடுதலாம்! எஃப்.சி.ஐ. விதியில் 23 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் பூடிலுக்குத் தகுதி நீக்கம், உருண்டை மண்டை, பிதுங்கிய கண் என்று குள்ளத்தன்மை தெரிந்தாலும் அப்படியே. இந்தப் பொடிசுகள் ஒரு வேளை சாப்பாடு தவறினாலே சர்க்கரை இறங்கித் துவண்டு விழும். சரி, உங்கள் 31 அதற்கு எவ்வளவோ மேல்.

கேள்வி: என் மினியேச்சர் டாஷண்ட் (குட்டைக் கால், நீள உடம்பு நாய்) எத்தனை கிலோ இருக்க வேண்டும்? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: கிலோ கணக்கு அமெரிக்காவில்: ஒரு வயதுக்கு மேல் 11 பவுண்டு வரை, சுமார் 5 கிலோ. எஃப்.சி.ஐ.யில் டாஷண்டுக்குத் தராசு இல்லை, 15 மாதம் ஆன பிறகு மார்புச் சுற்றளவை டேப்பால் அளப்பார்கள். வளைக்குள் நுழைந்து வேட்டையாடிய நாய் அல்லவா, எந்த ஓட்டைக்குள் போகும் என்பதுதான் முக்கியம். ஆகவே ரொட்டி சானாய் கொடுத்துக் கொழுக்க வைத்துவிட்டு அளக்காதீர்கள் அண்ணே!