கடைசி அசையிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலைக்காக வார்சா வந்து எட்டு மாதம் ஆகிறது. போலிஷ் வகுப்புக்குப் போகிறேன். சின்னச் சொற்கள் பரவாயில்லை. நீளமான சொல் வந்தால் எங்கே பிரிப்பதென்று தெரியாமல் நடுவில் நின்றுவிடுகிறேன். வழி உண்டா?

ர.

அன்புள்ள ர.,

உங்களை மிரட்டுவது வரிசையாக நிற்கும் மெய்யெழுத்துகள்தான். அவற்றை விட்டுவிட்டு உயிரை மட்டும் எண்ணுங்கள். எத்தனை உயிரோ அத்தனை அசை. போலிஷில் வண்டுக்குப் பெயர் 'ஹ்ஷோன்ஷ்ச்'. அவர்கள் எழுத்தில் ஒன்பது எழுத்து, ஆனால் ஓர் உயிர், ஓர் அசை. நம் யாப்பின் நேர், நிரையை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். நிரையில் இரண்டு உயிர் வரும், கணக்கு குழம்பிவிடும்.

கண் ஏமாறும் இடம் இரண்டு. எஸ்-இசட், சி-இசட் போன்ற ஜோடிகள் ஒரே ஒலி, நடுவில் வெட்டக்கூடாது. அப்புறம், இன்னோர் உயிருக்கு முன்னால் வரும் 'ஐ' (i) எழுத்து பெரும்பாலும் தனி அசை ஆகாது. முந்தைய மெய்யை மென்மையாக்குவதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது பையிலிருந்து ஐம்பது குரோஷ் நாணயத்தை எடுங்கள். அதைக் குறிக்கும் சொல்லில் 23 எழுத்துகள். அசை ஏழுதான்: பியெஞ்-ஜெ-ஷெஞ்-சோ-க்ரோ-ஷூஃப்-கா. முன்னாலிருந்து போனால் மூன்றாவது அசையில் நாக்கு சிக்கும். பின்னாலிருந்து வாருங்கள். முதலில் 'கா'. பிறகு 'ஷூஃப்கா'. பிறகு 'க்ரோஷூஃப்கா'. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்ததைச் சேருங்கள். போலிஷில் வழக்கமாக அழுத்தம் விழுவது கடைசிக்கு முந்தைய அசையில். 'ஷூஃப்' மேல் அது முதலிலேயே உட்கார்ந்துவிட்டால், முன்னால் எத்தனை அசை சேர்த்தாலும் நகராது. டிராமுக்குக் காத்திருந்த நேரங்களில் நான் இப்படித்தான் பழகினேன். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் 'உனிவெர்சிடெட்' போன்ற சில வேற்றுமொழிச் சொற்கள் விலக்கு. அதில் இலக்கணப்படி அழுத்தம் 'வெர்' மேல்.

எங்கே வெட்டுவது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். சகோதரிக்கான சொல்லை ஷோ-ஸ்த்ரா, ஷோஸ்-த்ரா, ஷோஸ்த்-ரா என்று எப்படிப் பிரித்து எழுதினாலும் சரியென்றே அவர்கள் இலக்கணம் சொல்கிறது.

இந்த வாரம் 'தொண்ணூறு' என்ற எண்ணுக்கான சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 16 எழுத்து, நான்கு அசை. கடைசி அசை 'ஷோன்ட்'.