வைரம் போலியோ என்ற சந்தேகமா? முதலில் கல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்

கேள்வி: இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, நடுவில் ஒரே ஒரு வைரம் வைத்த மோதிரம் வாங்கினேன். பில் இருக்கிறது. ஒரு கேரட் என்று சான்றிதழும் இருக்கிறது. போன வாரம் கல் லேசாக ஆடியதால் வேறொரு கடைக்கு எடுத்துப்போனேன். அவர் பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லின் மேல் வைத்தார். வைரம் மாதிரியே தெரியும் ‘மொய்சனைட்’ என்ற வேறொரு கல்லுக்கான இடத்தில் விளக்கு எரிந்தது. “இது வைரமே இல்லைம்மா, வேண்டுமானால் தங்கத்தின் விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன்” என்றார். விற்ற கடைக்காரரோ, “கொடுத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம்” என்கிறார். யாரை நம்புவது? என்ன செய்வது?

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். மோதிரத்தை இருவரிடமும் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பதற்றம் வந்தது அந்த விளக்கைப் பற்றி அல்ல, “கொடுத்துவிட்டுப் போங்கள்” என்ற வார்த்தையைப் பற்றித்தான். இன்று உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கல். அது ஒருமுறை உங்கள் கண்ணை விட்டு மறைந்துவிட்டால், திரும்பி வருவது அதே கல்தானா என்று நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.

கல் ஆடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் இனிமேல் மோதிரத்தை அணியாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் மேலிருந்தும், பக்கவாட்டிலும், அடியிலிருந்தும் படம் எடுங்கள். பில்லையும் சான்றிதழையும் அதே படத்தில் சேர்த்து ஒன்று எடுங்கள்.

சரி, அந்தக் கருவிக்கு வருவோம். வைரம் வெப்பத்தை மிக வேகமாக இழுத்துக்கொள்ளும். கருவியின் முனை சூடாக இருக்கும், அதைக் கல்லில் வைத்ததும் எவ்வளவு வேகமாகச் சூடு இறங்குகிறது என்று பார்க்கும். கண்ணாடியும், வைரம் மாதிரி செய்யும் செயற்கைக் கல்லான சிர்க்கோனியாவும் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். மொய்சனைட் மாட்டாது. வெப்பத்தைக் கடத்துவதில் அது வைரத்துக்கு மிக அருகில் நிற்பதால், பழைய வகைக் கருவிகள் அதையும் ‘வைரம்’ என்றே காட்டும். அதனால்தான் புதிய கருவிகளில் மின்சாரமும் பார்க்கிறார்கள். மொய்சனைட்டில் பெரும்பாலும் கொஞ்சம் மின்சாரம் பாயும், சாதாரண வைரத்தில் பாயாது. பாய்ந்தால் ‘மொய்சனைட்’ விளக்கு எரியும்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் நிலைமை முழுக்க இதைப் பொறுத்திருக்கலாம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். கார்பன் மட்டுமே இருக்க வேண்டிய வைரத்துக்குள் போரான் என்ற வேறொரு தனிமம் துளியளவு கலந்துவிட்டால், அந்த வைரத்திலும் மின்சாரம் பாயும். இயற்கையில் இது மிக மிக அபூர்வம். அப்படிப்பட்ட கற்கள் பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் புகழ்பெற்ற ஹோப் வைரம் அந்த வகை. உங்களுடையது வெள்ளைக் கல் என்று வைத்துக்கொள்கிறேன், ஆகவே இயற்கையான நீல வைரத்தை மறந்துவிடலாம். ஆனால் ஆய்வகத்தில் மிக அதிக அழுத்தத்திலும் வெப்பத்திலும் வளர்க்கும் வைரங்கள் சிலவற்றில் போரான் கொஞ்சம் தங்கிவிடும். பார்வைக்கு அவை வெள்ளையாகவே இருக்கும். கருவியை வைத்தால் ‘மொய்சனைட்’ என்று காட்டும். அதாவது, உங்கள் கல் மொய்சனைட்டாகவும் இருக்கலாம், ஆய்வக வைரமாகவும் இருக்கலாம். இன்னொன்று, கல் ஆடும்போது கருவியின் முனை அதைப் பிடித்திருக்கும் தங்கப் பல்லில் பட்டிருந்தால், விளக்குக்கு எந்த அர்த்தமும் இல்லை. இந்த மூன்றையும் பிரிக்காமல் ஒரே நொடியில் “வைரமே இல்லை” என்று சொன்னவர், அடுத்த நொடியில் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். இலவசமாகச் சோதித்துச் சொல்பவரே வாங்கவும் முன்வந்தால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். பல ஆண்டுகளாக நான் சொல்லிவரும் எச்சரிக்கை இது. நல்ல வைரத்தைக் கண்ணாடி என்று நம்பி விற்றுவிட்டு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மொய்சனைட்டா இல்லையா என்பதை மட்டும் நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். கல்லின் உச்சியிலிருந்து நேராகப் பார்க்காதீர்கள், அந்தக் கோணத்தில் ஒன்றும் தெரியாதபடிதான் மொய்சனைட்டைப் பட்டை தீட்டுவார்கள். மோதிரத்தைக் கொஞ்சம் சாய்த்து, ஓரத்துப் பட்டை வழியாக உள்ளே பாருங்கள். எதிர்ப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புக் கோடுகள் தெரியும். வைரத்தில் அவை ஒற்றைக் கோடாக இருக்கும். மொய்சனைட்டில் ஒவ்வொரு கோடும் தண்டவாளம் மாதிரி இரண்டாகத் தெரியும். முதல் முறை பார்க்கும்போது லென்ஸ்தான் சரியில்லையோ என்று தோன்றும். கையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தாலும் இரண்டு கோடுகளும் ஒட்டியபடியே நகரும். அப்படித் தெளிவாகத் தெரிந்தால் உங்கள் கல் வைரம் இல்லை. தெரியாவிட்டால் முடிவுக்கு வராதீர்கள், ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். ஊதிப் பார்ப்பது, செய்தித்தாளின் மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது, தண்ணீரில் போடுவது, இவை எதுவும் மோதிரத்தில் பதித்த கல்லைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்லாது. கண்ணாடியில் கீறிப் பார்த்தாலும் பயனில்லை. மொய்சனைட், சிர்க்கோனியா இரண்டுமே கண்ணாடியைக் கீறும். சுத்தியலால் தட்டச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். வைரம் கடினமானது, ஆனால் சில திசைகளில் அடி பட்டால் பிளந்துவிடும்.

அப்புறம் காகிதங்கள். பில்லை எடுத்து, கல்லை என்ன பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். ‘இயற்கை வைரம்’ என்று இருக்கிறதா, வெறும் ‘வைரம்’ என்று இருக்கிறதா, ‘கல்’ என்று மட்டும் இருக்கிறதா? ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று இருந்தால் அது சிர்க்கோனியாவுக்கு வியாபாரத்தில் வழங்கும் பெயர். அடுத்து சான்றிதழ். யார் கொடுத்தது? விற்ற கடையே தன் பெயரில் அச்சடித்துத் தந்த அட்டையாக இருந்தால் அது சான்றிதழ் அல்ல, இன்னொரு பில் மாதிரிதான். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற, வைரங்களைச் சோதித்துச் சொல்லும் ஆய்வகத்தின் அறிக்கையாக இருந்தால், அந்த ஆய்வகத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போய், அறிக்கை எண்ணைப் போட்டுப் பாருங்கள். தாளில் அச்சடித்திருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து போகாதீர்கள். போலித் தாள் அச்சடிப்பவருக்குப் போலிப் பக்கம் செய்வது பெரிய வேலையில்லை.

எண் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. அது உங்கள் கல்லின் எண்தானா என்று பார்க்க வேண்டும். பல கற்களில் நடு விளிம்பில் லேசரால் அறிக்கை எண்ணைப் பொறித்திருப்பார்கள், லென்ஸில் படிக்கலாம். ஆனால் அந்த எண்ணையும் திருடுகிறார்கள். இயற்கை வைரத்தின் எண்ணை ஆய்வக வைரத்தில் பொறித்துவிட்ட கற்களை ஜிஐஏ ஆய்வகமே கண்டுபிடித்திருக்கிறது. என்னிடம் வந்த ஒரு கல்லில் எண் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. விட்டத்தை அளந்தால் அறிக்கையில் இருந்ததைவிட கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் அதிகம். கல் வளராது. ஆகவே அளவைப் பாருங்கள். அறிக்கையில் அளவுகள் மில்லிமீட்டரில் இரண்டு தசம இடம் வரை இருக்கும். மோதிரத்தில் இருக்கும்போதே விட்டத்தை ஒரு கருவி வைத்து அளக்கலாம். கழற்றிய பிறகு எடை இன்னும் நன்றாகச் சொல்லும். நன்றாகப் பட்டை தீட்டிய ஒரு கேரட் வட்ட வைரத்தின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர். அதே விட்டத்தில் சிர்க்கோனியா எடையில் ஒன்றரைக் கேரட்டைத் தாண்டும், மொய்சனைட் சுமார் 0.9 கேரட்தான் நிற்கும்.

கல்லைக் கழற்றத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். ஆம். முழுமையான தர அறிக்கைக்கு ஜிஐஏ தனிக் கல்லைத்தான் வாங்கும், மோதிரத்தோடு வாங்காது. கழற்றும் இடத்தில் நீங்கள் கூடவே உட்காருங்கள். “பின்னால் பட்டறையில் கழற்றி வருகிறேன்” என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் கண் முன்னால் கழற்ற வேண்டும், உங்கள் கண் முன்னால் எடை போட வேண்டும், அந்த எடையையும் அளவையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். பிறகு கல்லை ஆய்வகத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள், அல்லது ஆய்வகம் சொல்லும் முறையில் காப்பீட்டோடு அனுப்புங்கள். “எனக்கு ஆய்வகத்தில் ஆள் இருக்கிறது, சீக்கிரம் வாங்கித் தருகிறேன்” என்று வருகிற தரகர் வேண்டவே வேண்டாம். கல்லின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்கும் மதிப்பீட்டாளரும் வேண்டாம். மதிப்பு ஏற ஏற அவருக்குத்தான் லாபம்.

முடிவு வந்ததும் அது எந்த வகை என்று பாருங்கள். மொய்சனைட், சிர்க்கோனியா என்று வந்தால் பேச்சே இல்லை, விற்றது வைரம் அல்ல. ஆய்வக வைரம் என்று வந்தால், அது போலி இல்லை. அதுவும் கார்பன்தான், அதுவும் வைரம்தான். ஆனால் இயற்கை வைரம் என்று சொல்லி, அதற்குரிய விலை வாங்கியிருந்தால் அது ஏமாற்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கடையில் போய் “போலி கொடுத்துவிட்டீர்கள்” என்று கத்தினால், “இல்லையே, வைரம்தானே” என்று உங்களையே திருப்பி அடிப்பார்கள். இயற்கை வைரம்தான், நிறமோ தூய்மையோ சொன்னதைவிட ஒரு படி குறைவு என்று வந்தால் பெரிதாகச் சண்டை போட முடியாது. நல்ல ஆய்வகங்களுக்குள்ளேயே ஒரு படி வித்தியாசம் வருவதுண்டு. விரிசலில் கண்ணாடி நிரப்பிய கல் என்று வந்தால், அதை உங்களிடம் சொல்லித்தான் விற்றிருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ஆய்வகம் கல்லைப் பற்றி மட்டும் சொல்லும், அதை யார் விற்றார்கள் என்று சொல்லாது. அறிக்கை உத்தரவாதம் அல்ல, விலை மதிப்பீடும் அல்ல என்று ஜிஐஏ தன் அறிக்கையிலேயே எழுதி வைத்திருக்கிறது. பில் விற்பனையைப் பற்றிச் சொல்லும், எந்தக் கல் என்று சொல்லாது. புகாரை வாங்குபவர், “இதே கல்லைத்தான் அவர் விற்றார் என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுக் கோப்பை மூடிவிடுவார். பில்லில் சான்றிதழ் எண்ணையும் கல்லின் அளவையும் எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைக் கட்டாயமாக்க இத்தனை காலமாக யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் பல ஆயிரம் பேர் நடத்தும் வியாபாரத்தின் ஓட்டையை வாங்கியவர் தன் கைபேசிப் படங்களால் அடைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் பில்லில் அந்த எண் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லாவிட்டால் வாங்கிய நாளில் எடுத்த படங்கள், கடைக்காரரோடு பரிமாறிய செய்திகள், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

கடைக்காரரிடம் இனிமேல் போனில் பேசாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்: இன்ன தேதியில், இன்ன பில் எண்ணில், இன்ன கல் என்று சொல்லி விற்றீர்கள், இன்ன ஆய்வகம் இப்படிச் சொல்கிறது, கட்டிய பணத்தை இத்தனை நாளுக்குள் திருப்பித் தாருங்கள். அறிக்கையின் நகலை மட்டும் இணையுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள். “வேறு பெரிய கல் மாற்றித் தருகிறோம், கொஞ்சம் மேலே போட்டுக் கொடுங்கள்” என்று பதில் வரலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கல்லில் ஏமாந்த இடத்தில் இன்னும் பணம் கொடுத்து இரண்டாவது கல்லை வாங்குவது எந்த வகையிலும் நியாயம் இல்லை. பணம் கொடுக்கும் நாளில்தான் கல்லைக் கொடுக்க வேண்டும், இரண்டும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில்.

மறுத்தால் உங்கள் பகுதி நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுங்கள். இதற்கெல்லாம் கால வரம்பு இருக்கும், நீங்கள் வாங்கி ஏற்கனவே இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் ஆய்வக முடிவு வரும் வரை காத்திருக்காமல், எத்தனை நாள் பாக்கி இருக்கிறது என்பதை இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கல் கழற்றும் இடத்துக்குப் போகும்போது கூட ஒருவரை அழைத்துப்போங்கள். நீங்கள் தாளைப் படிக்கும் நேரத்தில் அவர் கல்லைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.